வட தாய்லாந்தில் இளைப்பாற நாலு இடங்கள்

இத்தாலியின் மொண்டெல்லோ கடற்கரையில், ஓகஸ்ட் மாத வெயிலில், சப்பாத்தும் காலுறையும் போட்டுக்கொண்டு நின்ற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். பலெர்மோ நகரத்தில் பாதி அன்றைக்கு அங்கே உடுப்பைக் கழற்றிவிட்டுக் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், மர நிழல் கிடைக்காமல், ஒரு மதிலோரமாகச் சோற்றுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். என் கணவர் அந்தக் கோடையில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். மத்தியானம் அவருக்கு ஒரு மணித்தியால ஓய்வு. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போயிருந்தோம். இந்த மனிதர் கடலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கோ தங்கச்சி இவ்வளவு சனம்? மனுசன் ஆறுறதெண்டால் வட தாய்லாந்துக்குப் போகவேணும்."

என் கையில் பொரித்த கத்தரிக்காய் இருந்தது. எறிந்திருப்பேன். கத்தரிக்காய் வீணாகப் போகும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதுமில்லை. தாய்லாந்து அண்ணை என்றால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் விளங்கும். நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், ஒரு பக்கச் சுவருக்குப் பலகை முட்டுக் கொடுத்து வைத்திருந்த பழைய கட்டடத்தில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு மேல் மாடியில் அவருக்கு ஒரு தனி அறை. வயது நாற்பதுக்கு மேல். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சேர்ட். லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான வழக்கறிஞரை இரவில் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. அதே வீட்டில் காலையில் கூட்டித் துடைத்துச் சமைப்பது என்னுடைய வேலை. நான் உள்ளே போகும்போது அவர் வெளியே வருவார். அந்த வாசலிலும் எனக்கு ஒரு குட்டிப் பிரசங்கம் கிடைக்கும்.

நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு வழியால் வந்து சேர்ந்தவர்கள்தான். ஒருவர் மொஸ்கோவால் வந்தார். இன்னொருவர் கப்பலின் அடித்தட்டில் வந்தார். என் கணவர் லொறி ஒன்றில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் வந்தார். வந்த கதையைக் கேட்டால், வந்து சேர்ந்துவிட்டோம்தானே என்பார்கள், அதோடு சரி. தாய்லாந்து அண்ணை மட்டும் வந்த வழியைச் சுற்றுலாவாகச் சொன்னார். எண்பத்தொன்பதாம் ஆண்டு, வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரைப் பாங்கொக்கில் கொண்டுபோய் இறக்கி, அங்கே பொலிஸ் கெடுபிடி என்று வடக்கே சியாங்மாய் நகரத்துக்கு மாற்றி, எட்டு மாதம் வைத்திருந்தான். இது அவர் சொல்லி எல்லோருக்கும் தெரியும். அந்த எட்டு மாதமும் இவர் என்ன செய்தார் என்று கேட்டால், இளைப்பாறினார். அவர் சொல்வதைப் பார்த்தால் ஒரு மகாராசாகூட அப்படி இளைப்பாறியிருக்க முடியாது.

நாலு இடங்கள். வலது கையின் நாலு விரலையும் நிமிர்த்தி, சின்ன விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்குவார். முதலாவது, தோய் சுத்தேப் என்ற மலை. உச்சியில் பொன் வேய்ந்த கோயில், ஏறுவதற்கு முந்நூற்றுச் சொச்சம் படி, படிகளின் இரண்டு பக்கமும் தலையெடுத்த நாகங்கள். இரண்டாவது, சியாங் தாவ் குகை. விளக்குப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் முன்னே போவான், உள்ளே புத்தர் படுத்திருப்பார். மூன்றாவது, மே சா அருவி. பத்துத் தட்டில் விழும், மேல் தட்டுகளில் சனம் குறைவு. நாலாவது, மே தெங் ஆற்றில் மூங்கில் தெப்பம். காலை நீட்டிக்கொண்டு போனால் கரையில் யானை குளிப்பது தெரியும். இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது. இடையில் யாராவது குறுக்கே கேட்டால், மடக்கிய விரலை நிமிர்த்தி அந்த இடத்தை மறுபடி தொடங்குவார். ஆகவே யாரும் குறுக்கே கேட்பதில்லை.

இதையெல்லாம் அவர் யாருக்குச் சொன்னார் என்பதுதான் விசேஷம். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் லீவு உள்ளவர்களுக்கு. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் விடியமுன்னமே வரிசையில் நிற்கிறவர்களுக்கு. அந்த வரிசையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற ஒரு பெண்ணிடம், அருவிக்குப் போவதென்றால் காலையில் வெள்ளெனப் போய்விட வேண்டும், பிந்தினால் பஸ் கூட்டம் வந்துவிடும் என்று அவர் புத்தி சொன்னதை என் காதால் கேட்டேன். அவளும் பாவம், ஓம் ஓம் என்றாள். ஓடுகிறவனுக்கு ஊர் தெரியாது, ஆறுகிறவனுக்குத்தான் தெரியும் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி. அப்படி ஒரு பழமொழி கிடையாது. அவரே செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறிச் சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவார்கள். சைவக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. மலை, மலையில் குகை, குகைக்குள் சொட்டும் தண்ணீர், உள்ளே ஒரு பெண் தெய்வம். இதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்? நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். தாய்லாந்து அண்ணை குடையோடு ஏறுவார், ஏறும் வழியெல்லாம் இந்த மலையைக் குறை சொல்லுவார். நாகம் இல்லாத படி ஒரு படியா என்பார். குகைக்குள் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது, சியாங் தாவ் குகைக்குள் இப்படிப் பத்துக் குகையை வைக்கலாம் என்று காதுக்குள் சொல்லுவார். மாதாவே பொறுத்துக்கொண்டாள், நாங்கள் என்ன செய்ய? ஒருநாள் என் கணவர், வாய் அதிகம் திறவாத மனிதர், அந்த முந்நூறு படியும் ஏறினால் முழங்கால் நோகாதா என்று கேட்டார். தாய்லாந்து அண்ணை குடையை மறு கைக்கு மாற்றினார். அங்கே முழங்கால் நோகாது என்றார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு முறை, எங்கள் மகளின் பிறந்தநாளுக்குத் தான் சமைக்கப் போகிறேன் என்று குசினிக்குள் வந்துவிட்டார். காவ் சோய் என்று அங்கே ஒரு சாப்பாடாம், நூடில்ஸில் தேங்காய்ப்பால் கறி ஊற்றி, மேலே பொரித்த நூடில்ஸ் தூவித் தருவார்களாம். ஸ்பகெட்டியை அவித்தார். தகரத் தேங்காய்ப்பாலை ஊற்றினார். என் கறித்தூளில் பாதியைக் கொட்டினார். வந்த பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "மாம்மா மியா, இது என்ன ஆன்ரி?" என்று தட்டைத் தள்ளினார்கள். தாய்லாந்தில் இதே ருசிதானா என்று நான் கேட்டேன். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணைச் சுருக்கி, நிறம் சரி என்றார்.

அடுத்த கோடையில் வழக்கறிஞரின் மகள், எங்கள் எசமானி சிஞ்ஞோரா, உண்மையாகவே வட தாய்லாந்துக்குப் போனார். எல்லாம் இவருடைய உபதேசம். தகப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நாலு விரலையும் மடக்கி மடக்கி அந்த அம்மாளைக் கரைத்துவிட்டார். போய் வந்தவர் படங்களை மேசையில் பரப்பி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். கோயில், குகை, அருவி, தெப்பம், எல்லாம் இவர் சொன்னபடியேதான். இவருக்குத் தலைகால் தெரியவில்லை. பிறகு சிஞ்ஞோரா இன்னொரு படத்தை எடுத்தார். ஒரு பழைய செங்கல் மதில், அதைச் சுற்றி அகழி, அகழியோரம் மோட்டார் சைக்கிள்கள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் என்று கேட்டார். சியாங்மாய்தான், நகரத்தின் நடுப் பகுதி, அங்கே யாரும் ஒரு நாளைக்கு நாலு தரம் கடந்து போகாமல் இருக்க முடியாது என்றார் சிஞ்ஞோரா. இவர் படத்தை மெல்ல வைத்துவிட்டு, படம் தெளிவில்லை என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இந்த மனிதர் தாய்லாந்து மண்ணை மிதித்ததே இல்லை. எங்கேயோ புத்தகத்தில் படித்துவிட்டு அண்டப்புளுகு ஆகாசப்புளுகு புளுகுகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். என் கணவர் சிரித்தார். நானும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பல ஞாயிறுகளை ஓட்டினேன்.

பிறகு என் தம்பி புறப்பட்டான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. அம்மா யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் வந்து இருந்தா. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் அந்த வயதில் ஒரு தமிழ்ப் பொடியன் தெருவில் நடக்கவே பயப்பட்ட காலம். அம்மா ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து அவனை அனுப்பி வைத்தா. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஒரு செய்தியும் இல்லை. நான் சட்டி பானையைப் போட்டு உடைக்காத குறை. பிறகு ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. அக்கா, நான் தாய்லாந்திலை, சியாங்மாயிலை நிக்கிறன் என்றான்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எந்த மனிதரைப் பொய்யர் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனோ, அந்த மனிதரின் அறைக்கு இரண்டு இரண்டு படியாய்த் தாவி ஏறிப் போய்ச் செய்தியைச் சொன்னேன். தேவை வந்ததும் அவருடைய பொய்யை நானே கேட்டு வாங்கினேன். அவர் கொஞ்சம் தடுமாறினார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கவனிக்கவில்லை. பிறகு நாலு விரலையும் நிமிர்த்தினார். பயப்படவேண்டாம், நல்ல இடம், பொடியன் கொஞ்ச நாள் ஆறட்டும் என்றார். நான் ஒரு பேப்பரில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை தம்பி எடுத்தபோது அந்தப் பேப்பரைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கோயில் மலை, குகை, அருவி, தெப்பம். இருக்கிற நாளில் போய்ப் பார், பிறகு இங்கே வந்தால் வீடு கூட்டத்தான் நேரம் இருக்கும் என்றேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். ஓம் அக்கா, போறன் என்றான். அவன் எப்போதும் மூன்று நிமிடத்துக்கு மேல் கதைப்பதில்லை. ஏஜென்சிக்காரனின் ஆள் கைத்தொலைபேசியோடு பக்கத்தில் நிற்பானாம். பின்னால் மரம் அறுக்கிற வாள் மாதிரி ஒரு சத்தம் எப்போதும் கேட்கும். பக்கத்தில் தச்சன் பட்டறை இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை அவனை ஏசினேன். ஊர் சுற்றிப் பழகிவிட்டான், அதனால்தான் ஏஜென்சிக்காரனை நெருக்காமல் இருக்கிறான் என்று எனக்குக் கோபம். அம்மாவுக்கும் அப்படியே சொன்னேன். ஏஜென்சிக்காரனின் வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம், ஒன்றுக்கும் அவசரமில்லை, தம்பி சுகமாக இருக்கிறான் என்றேன். இப்படி ஒன்பது கிழமை போனது. அந்த ஒன்பது கிழமைக்குள் ஏஜென்சிக்காரன் கொழும்பில் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான்.

நாலாவது முறை தம்பியின் குரல் வயது போன ஆளின் குரல் மாதிரி இருந்தது. எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டு முடிக்க முதலே சொன்னான்.

"அக்கா, அந்த அண்ணையிட்டை ஒண்டு மட்டும் கேளுங்கோ. அவர் இருந்த வீட்டிலை யன்னல் இருந்ததோ?"

அதோடு தொடர்பு அறுந்தது.

நான் மேலே போனேன். அவர் வேலைக்குப் போக ஆயத்தமாக, மேசையில் துணி விரித்துச் சேர்ட்டை அழுத்திக்கொண்டிருந்தார். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. தம்பி கேட்கச் சொன்னதை, தம்பி சொன்ன மாதிரியே கேட்டேன். அவர் மின்னழுத்தியை நிமிர்த்தி வைத்தார். அதன் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றினார். கதிரையில் இருந்தார்.

"கக்கூசிலை ஒண்டு இருந்தது. ஒரு கை அகலம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பதின்மூன்று பேர், ஒரு அறை. அறையின் யன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கதவு வெளிப்பக்கம் பூட்டு. காலையும் மாலையும் சோறு வரும். எட்டு மாதமும் அவர் அந்த வீட்டின் படியால் இறங்கவில்லை. கக்கூஸ் விளிம்பில் ஏறி நின்று அந்தக் கை அகலத்துக்குள்ளால் பார்த்தால், தூரத்தில் மலையும், மலையில் நகத்தளவுக்குப் பொன்னிறமாக அந்தக் கோயிலும் தெரியும். முறை வைத்துப் பார்ப்பார்களாம். அறைக்குள் யாரோ விட்டுப்போன ஒரு புத்தகம் கிடந்தது. சுற்றுலாக்காரருக்கு ஆங்கிலத்தில் அச்சடித்தது, அட்டை போனது, படங்கள் உள்ளது. காலையில் யாராவது ஒருவர், இண்டைக்கு எங்கை போவம் என்று கேட்பாராம். இங்கிலீஷ் தெரிந்தது இவருக்குத்தான். இவர் வாசிக்க, மற்றப் பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு போய் வருவார்களாம். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்று சொல்லுவோமே, அதை எட்டு மாதம் செய்திருக்கிறார்கள். முழங்கால் எப்படி நோகும்?

புத்தகத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பின்னால் வருகிறவர்களுக்கு என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம். அந்தப் புத்தகம் இப்போது தம்பியின் அறையில் கிடக்கிறதோ, அதனால்தான் என் பட்டியலைக் கேட்டு அவன் வாயடைத்துப் போனானோ என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

நான் கேட்காமலே அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அஞ்சாவதா ஒரு இடம் இருக்கு, தங்கச்சி. சான் கம்பேங் எண்டு, சுடுதண்ணி ஊற்று. கூடைக்குள்ளை முட்டையை வைச்சு இறக்கினால் அவிஞ்சு வரும். ஆராவது தாங்கேலாமல் அழத் தொடங்கினால் அண்டைக்கு எல்லாரும் அங்கை போவம். அவனை நடுவிலை இருத்திப்போட்டு அந்தப் பக்கத்தை வாசிப்பன். அதை மட்டும் இஞ்சை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இந்த இடத்தில் நான் இரக்கப்பட்டேன் என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். இரக்கம் வரவில்லை. ஒன்பது கிழமைதான் தலைக்குள் நின்றது. எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். இப்போது வேறு வீடாக இருக்கும், நன்றாக வைத்திருப்பார்கள் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார்:

"சொன்னால் நீங்கள் அழுதிருப்பியள்."

"அழுதிட்டு அலுவல் பாத்திருப்பன்."

அவர் சேர்ட்டை எடுத்து மடியில் வைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, தொலைபேசியில் வாள் அறுக்கிற சத்தம் கேட்டதா என்று மட்டும் விசாரித்தார். ஒவ்வொரு முறையும் கேட்டது என்றேன். அது ஐஸ் கட்டி அறுக்கிற சத்தம், அதே வீடுதான் என்றார்.

மறுநாள் ஞாயிறு. மலையில், கும்பிட்டு முடித்துச் சனமெல்லாம் வெளியே சாப்பாட்டுக்கு இருந்த நேரத்தில், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கக்கூஸ் விளிம்பு, கை அகலம், அட்டை போன புத்தகம், ஒன்றையும் விடவில்லை. சுடுதண்ணி ஊற்றை மட்டும் ஏனோ சொல்ல வாய் வரவில்லை. அவர் பத்தடி தள்ளிக் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு, இன்றைக்குக் கக்கூசால் என்ன தெரிந்தது என்று கேட்டு இளந்தாரிகள் அவரைப் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். அது என்னால் வந்தது. அதை நினைத்துப் பெருமைப்படவில்லை. அன்றைக்கு வருத்தப்படவும் இல்லை.

திங்கட்கிழமை காலை, வழக்கறிஞரின் வீட்டு வாசலில் நாங்கள் மாறிக்கொள்ளும் நேரத்தில், அவர் வழக்கம்போலப் போகாமல் நின்றார். கால்சாவில் எங்கள் ஆட்களுக்கு இத்தாலியன் படிப்பிக்கிற வயதான பாதிரியார் ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரி சியாங்மாயில் இருக்கிறா, அந்தப் பாதிரியாரிடம் போவோம் என்றார் தாய்லாந்து அண்ணை. அந்த விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? தாய்லாந்துப் பெருமை பேசுவதற்கு இவர் பாதிரியாரையும் விட்டுவைக்கவில்லை, அவ்வளவுதான். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பது ஒரு வகையில் சரிதான்.

பாதிரியாருக்கு முன்னால் போய் இருந்ததும் இந்த மனிதர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கோயில் மலையின் அழகிலிருந்து தொடங்கினார். பெல்லிஸ்ஸிமோ, பாத்ரே, பெல்லிஸ்ஸிமோ என்றார். எனக்கு மேசையின் கீழால் அவருடைய சப்பாத்தை மிதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பாதிரியார் பொறுமையான மனிதர், குறுக்கே கேட்கத் தெரிந்தவர். கோயில் யன்னலுக்கு எந்தப் பக்கம், காலை வெயில் அதில் விழுமா, பின்னேர வெயில் விழுமா? காலை வெயில். வேறு என்ன கேட்கும்? நடுச்சாமம் தொடங்கி விடியும்வரை ஐஸ் அறுக்கும் சத்தம். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடும் சத்தம், அது இடப்பக்கத்தில். வெள்ளிக்கிழமைகளில் மீன் வாகனத்தின் மணி. படி எத்தனை? ஏற்றும்போது கண்ணைக் கட்டியிருந்தார்கள், ஆனால் எண்ணினேன், இருபத்தாறு. விரல் மடக்கி மடக்கி எல்லாவற்றையும் சொன்னார். எட்டு மாதம் ஒரு கை அகலத்தால் பார்த்ததையும் கேட்டதையும் ஒரு அட்சரம் மறக்கவில்லை. எங்கே சொல்லக்கூடாதோ அங்கே ஏழு வருஷம் சொல்லித் திரிந்துவிட்டு, சொல்ல வேண்டிய இடத்திலும் ஒருநாள் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருடைய சேர்ட் முதுகில் ஒட்டிப் போயிருந்தது.

கன்னியாஸ்திரி அங்கே ஒரு பள்ளிக்கூட ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைகளாகத் தேடித் திரிந்தாவாம். மூன்றாவது தொழிற்சாலைக்குப் பின்னால் அந்த வீடு இருந்தது. இரண்டு நாள் விடாமல் போய்க் கதவைத் தட்ட, காவலுக்கு இருந்தவர்கள் பயந்து மூன்றாம் நாள் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். உள்ளே பதினொரு பொடியன்கள். விசா இல்லாத குற்றத்துக்கு மூன்று மாதம் மறியலில், சிறைக்குள் இருந்தார்கள். பிறகு கொழும்புக்கு ஏற்றி விட்டார்கள். ஐரோப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. புறப்பட்ட அதே வெள்ளவத்தை அறைக்குத் தம்பி திரும்பிப் போனான், உயிரோடு போனான்.

தாய்லாந்து அண்ணைக்கு நன்றி சொன்னேனா என்று கேட்டால், சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். ருசி பார்த்துவிட்டு உப்புக் குறைவு என்றார். அந்த மாதங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். நாலு விரல் பிரசங்கத்தை அவர் முற்றாக விட்டுவிட்டார். குவெஸ்தூரா வரிசையில் சும்மா நின்றார். சனம் அவரை மறந்துபோய் வேறு ஆளைப் பகிடி பண்ணத் தொடங்கியது. எனக்கோ, அந்தப் பிரசங்கம் இல்லாத வாசலைக் கடந்து வேலைக்குப் போவது என்னவோ போல இருந்தது. இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எப்படி அறிந்தாரோ, தாய்லாந்து அண்ணை அழுத்திய சேர்ட்டோடு இறங்கி வந்து, கேட்காமலே கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் போகச் சொல்லவில்லை. அம்மா எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் கதைப்பா. தம்பி மெலிந்துவிட்டான், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறான், இப்போதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்றா. மறியலைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அங்கே பார்த்த இடங்களைப் பற்றி ஒரே கதையாம். மலை மேல் பொன் கோயிலாம், நாகப் படியாம், குகைக்குள் படுத்திருக்கும் புத்தராம், பத்துத் தட்டு அருவியாம், மூங்கில் தெப்பமாம். அம்மா எல்லாவற்றையும் ஒழுங்கு மாறாமல் சொன்னா. பிறகு என்னைப் பிடித்தா.

"நீயும் அஞ்சு வருசமா இத்தாலி, இத்தாலி எண்டு இருக்கிறாய். வீடு கூட்டினதைத் தவிர என்னத்தைப் பாத்தனி? அவனைப் பார், போன இடத்திலை எவ்வளவைப் பாத்திட்டு வந்திருக்கிறான். எல்லாத்துக்கும் குடுத்து வைக்கவேணும் பிள்ளை."

ஊரெல்லாம் போய்ச் சொல்லத் தெரிந்த என் வாய் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லத் திறக்கவில்லை. அம்மாவுக்கு இனி அழுதுவிட்டுப் பார்க்க ஒரு அலுவலும் இல்லை. ஓம் அம்மா, அது சரியான வடிவான இடமாம் என்றேன். கதிரையில் இருந்தவர் தலையைத் தூக்கினார்.

"மற்ற இடத்தையும் கேளுங்கோ, தங்கச்சி" என்றார் மெதுவாக.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அங்கே சுடுதண்ணி ஊற்று ஒன்று இருக்கிறதாம், அங்கேயும் போனவனா என்று கேட்டுச் சொல்லுங்கோ என்றேன். அம்மா பின்பக்கம் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டா. அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா திரும்ப வந்தா.

"ஓம் பிள்ளை. அங்கைதான் எத்தினையோ தரம் போனவனாம்."